கால் சுற்று

வின்னிபெக். ஜனவரி. ஜன்னலுக்கு வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
குடிநீர்த் துறையில் இரவுப் பணிக்கு நான் ஒருத்திதான்:
ஒரு ஃபோன், ஆறிய காபி,
நகரத்துக் குழாய்கள் ஓடும் திரை.
அழைப்பவர்கள் முதலில் சொல்வது ஒரே சொல்,
"தண்ணீர்."
எங்கே என்றால், "எல்லா இடத்திலும்."

இரண்டு பத்துக்கு லியூபா ஹ்ரிட்சுக்.
வீடு வாங்கி ஐந்து வாரம்.
சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனியுங்கள் என்றேன்,
சோப்பு டப்பாக்களைத் தள்ளுங்கள்,
சுவரிலிருந்து வரும் செம்புக் குழாயின் முனையில்
சின்ன வால்வு இருக்கும், வலப்பக்கம் திருப்புங்கள்.
"திருப்பிவிட்டேன். வந்துகொண்டேதான் இருக்கிறது.
வால்வுக்கு முன்னாலேயே, அந்த நட்டிலிருந்து."

அந்த நட்டை எனக்குப் பார்க்காமலே தெரியும்.
அதற்குள் ஒரு பித்தளை வளையம்,
சுண்டுவிரல் மோதிரம் அளவு,
செம்பைக் கவ்விக்கொண்டு கிடக்கும்.
பசை இல்லை, பற்றவைப்பு இல்லை, வெறும் பிடி.
அளவாக முறுக்கினால் ஆயுசுக்கும் நிற்கும்.
எவனோ ஒருவன், கசிந்துவிடுமோ என்ற பயத்தில்
இன்னும் அரைச் சுற்று, இன்னும் அரைச் சுற்று என்று
குழாயின் கழுத்தை நெரித்திருக்கிறான்.
மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொண்டது.
படிவத்தில் "இணைப்புப் பழுது" என்று எழுதினேன்.
அக்கறையால் என்று எழுத அங்கே கட்டம் இல்லை.

கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள்.
மீட்டருக்கு முன்னால் பெரிய வால்வு.
நீளக் கைப்பிடியா, சக்கரமா?
"சக்கரம். சிவப்பு."
எனக்கு அடிவயிற்றில் சில்லென்றது.

நீளக் கைப்பிடி என்றால் உள்ளே துளையிட்ட ஒரு குண்டு,
கால் சுற்றில் கதை முடியும்.
குழாயோடு படுத்திருந்தால் திறந்திருக்கிறது,
குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது,
இருட்டில் தடவினாலும் தெரியும்.
சக்கரம் அப்படியில்லை.
உள்ளே ஒரு பித்தளைக் கதவு
திருகில் தொங்கி, மெல்ல மெல்ல இறங்க வேண்டும்.
முப்பது வருஷமாக யாரும் இறங்கச் சொல்லாத கதவு.

"சுற்றுகிறேன். சுற்றிக்கொண்டே போகிறது."
எத்தனை?
"இருபது இருக்கும். லேசாகச் சுற்றுகிறது. நல்லதுதானே?"
நல்லதில்லை, லியூபா.
தண்டு அறுந்துவிட்டது.
சக்கரம் உங்களைத் தாஜா செய்கிறது.

தண்ணீர் எதுவரை?
"கணுக்கால்."
சாணா முழமா என்று பேச இன்னும் நேரமிருந்தது.

இனித் தெருவில்தான்.
நடைபாதையோரம், பனிக்கு அடியில், ஓர் இரும்பு மூடி,
அதற்கும் கீழே ஆள் ஆழத்தில் ஒரு வால்வு.
நீளச் சாவியோடு எங்கள் வண்டி வர எழுபது நிமிடம்.
திரையைப் பெரிதாக்கினேன்.
தெருவிலிருந்து வந்த ஒரே கோடு
வேலிக்கு அடியில் இரண்டாகப் பிரிந்தது.
பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள்,
மூடினால் அவர்களுக்கும் தண்ணீர் நிற்கும்.

ஃபோனில் குழாய்ச் சத்தம் மட்டும்.
பிறகு, "ஐனாரிடமா?
அந்த வேலிக்காகத்தான் போன வாரம்
வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன்."

போனாள். ஃபோனை அணைக்க மறந்துவிட்டாள்.
பூட்ஸுக்கு அடியில் பனி நறநறத்தது.
கதவைத் தட்டினாள், மறுபடி தட்டினாள்.
கெட்ட வார்த்தையில் தொடங்கிய ஆண் குரல் ஒன்று
"எந்தக் குழாய்?" என்று முடிந்தது.

அவரிடமே சாவி இருந்தது.
தனியார் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் விதி.
எனக்கு எதுவும் காதில் விழவில்லை.
மண்வெட்டி ஐஸில் மோதியதும் விழவில்லை,
இரும்பில் இரும்பு உட்கார்ந்ததும்,
"விளக்கை ஒழுங்காகப் பிடி, பெண்ணே,
கால் சுற்றுதான்" என்றதும்.

இரைச்சல் நின்றது.
இரண்டு வீட்டிலும் தண்ணீர் இல்லை.
"என் கெட்டிலில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது,"
என்றார் ஐனார், இன்னும் கோபமாகவே.
அப்போதுதான் நான் வைத்தேன்.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து
கோட்டைக் கழற்றாமல் கீழ்த்தளம் இறங்கினேன்.
என் வீட்டிலும் சக்கரம்தான்.
அரைச் சுற்று மூடி, அரைச் சுற்று திறந்தேன்.
முனகியது.
தண்டின் அடியிலிருந்து ஒரு சொட்டு எட்டிப் பார்த்து
அங்கேயே தயங்கி நின்றது.
ஸ்பேனரை எடுத்து நட்டில் வைத்தேன்.
கொஞ்சம் யோசித்து, எடுத்துவிட்டேன்.
காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்
தூங்கப் போனேன்.